அம்மிக்கல்லும் அறிவியல் புனைகதையும்

சென்ற கல்வியாண்டில் நம் துறையின் இலக்கிய மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நிகழ்ந்தது. ‘வீட்டுக் கருவிகள் மனிதனை வாழவைக்கின்றனவா? வீழவைக்கின்றனவா?’ என்பது தலைப்பு. ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவராக வீற்றிருந்தார். வீழவைக்கின்றன என்னும் அணியில் பேசிய மாணவர்கள் மூவரும் நன்றாகவே பேசினர். அம்மி போயிற்று, ஆட்டுரல் போயிற்று, உலக்கை போயிற்று, அவற்றோடு உடல் நலமும் போயிற்று என்று அடுக்கினர். மேலைநாட்டு அறிவியல் புனைகதை ஆசிரியர்களே இதனை நூறாண்டுகளுக்கு முன் எச்சரித்துவிட்டார்கள் என்று அணித்தலைவர் முழங்கியபோது அரங்கம் கைதட்டியது.

அடுத்து எழுந்தவர் இளங்கலை இரண்டாமாண்டு மாணவி. அவர் ஒரே ஒரு வினாவோடு தொடங்கினார். “எதிரணித் தலைவர் அம்மி போனதற்கு வருந்துகிறார். அவர் இல்லத்து அம்மியில் அவர் எத்தனை நாள் அரைத்தார் என்பதை நடுவர் அவர்கள் கேட்டுச் சொல்ல வேண்டும்.” அரங்கம் சிரித்தது. நடுவரும் சிரித்தார். மணி அடித்தது. விடை வரவில்லை.

அந்த வினா நம்மை விட்டு அகலவில்லை. மாணவர் குறிப்பிட்ட கதைகளை மீண்டும் எடுத்துப் படித்தோம். அவை சொல்வதும், அவற்றின் பெயரால் நாம் மேடைகளில் சொல்வதும் ஒன்றுதானா என்று எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அவ்வெண்ணங்களையே ஈண்டு மாணவச் செல்வங்கள் முன்னும் பெரியோர் முன்னும் வைக்கிறோம்.

வீட்டு எந்திரத்தின்மீது மனிதன் கொள்ளும் சார்பைப் பற்றி எழுந்த புனைகதைகளுள் இன்றளவும் தலைமை வாய்ந்தது இ.எம். ஃபார்ஸ்டர் 1909ஆம் ஆண்டில் எழுதிய ‘எந்திரம் நிற்கிறது’ என்னும் நெடுங்கதையே என்பது நம் கருத்து. ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ என்ற புதினத்தால் நம்மவர் அறிந்த அதே ஃபார்ஸ்டர்தான். அவர் இந்தியாவை அறிந்ததே ஒரு மாணவர் வழியாக என்பதைப் பலர் அறியார். சர் சையத் அகமது கானின் பேரரும், பின்னாளில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவருமான சையத் ராஸ் மசூது, 1906இல் இங்கிலாந்தில் அவரிடம் இலத்தீன் பயின்றார். 1924இல் வெளிவந்த அப்புதினம் மசூதுக்கே காணிக்கையாக்கப்பட்டது. ஆசிரியருக்கு மாணவர் கற்றுக்கொடுத்த கதைகளுள் இதுவும் ஒன்று. நிற்க.

‘எந்திரம் நிற்கிறது’ கதையில் மாந்தர் நிலத்துக்கடியில் வாழ்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தேன்கூட்டின் கண்ணறை போன்ற அறுகோண அறை ஒன்று. அதன் நடுவே ஒரு சாய்வு நாற்காலி. சுற்றிலும் பொத்தான்கள். உணவுக்கு ஒரு பொத்தான், இசைக்கு ஒரு பொத்தான், வெந்நீர்க் குளியலுக்கு ஒன்று, படுக்கைக்கு ஒன்று. வாஷ்டி என்னும் தாய் இவ்வாறான ஓர் அறையில் இருந்தபடியே உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோருடன் வட்டத்தகட்டின் வழியே முகம் பார்த்துப் பேசுகிறாள், விரிவுரையும் ஆற்றுகிறாள். அவள் மகன் கூனோ பூமியின் மறுபுறத்தில் வாழ்கிறான். அவன் தாயிடம் கேட்பது ஒன்றே ஒன்று: எந்திரத்தின் வழியாக இல்லாமல் நேரில் உங்களைப் பார்க்க வேண்டும், வாருங்கள் என்பதுதான். இரண்டு நாள் வான்கலப் பயணம். அதற்கே அவள் அஞ்சி நடுங்குகிறாள்.

அப்பயணத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. வான்கலத்தில் ஏறும் வழியில் ஒருவன் கையிலிருந்த நூலைத் தவறவிடுகிறான். அவரவர் அறையில் நூல் விழுந்தால் தரையே அதனை எடுத்து உயர்த்திக் கொடுத்துவிடும். இங்கே தரை வாளா கிடக்கிறது. அவன் குனிந்து எடுக்கவில்லை. தன் கைத்தசை ஏன் தன்னைக் கைவிட்டது என்று தசையைத் தடவிப் பார்க்கிறான். நேரமாகிறது என்று யாரோ சொல்ல, எல்லாரும் நூலின் ஏடுகளை மிதித்துக்கொண்டு கலத்தில் ஏறுகின்றனர். நூறாண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் காட்சியின் கூர்மை மழுங்கவில்லை. இன்று வகுப்பறையில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், எதிரே அகராதி இருந்தாலும் சட்டைப்பையைத் தடவுகின்ற கைகளை நாம் நாளும் காண்கிறோம். நம் கையும் அவற்றுள் ஒன்று என்பதை ஒளிப்பதற்கில்லை.

எந்திரம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் இசையில் ஏதோ மூச்சிரைப்புப் போன்ற ஒலி கலக்கிறது. செயற்கைப் பழத்தில் பூசணம் பூக்கிறது. குளியல் நீர் நாறுகிறது. பிறகு, அழைத்தால் படுக்கை வருவதில்லை. மக்கள் முதலில் முறையிடுகின்றனர், பின்னர்ப் பழகிக்கொள்கின்றனர். பழுதுபார்க்கும் எந்திரமே பழுதாகியிருக்கிறது என்பதை எவரும் ஏற்க முன்வரவில்லை. அத்தனை பெரிய எந்திரத்தின் முழுமையையும் அறிந்தவர் ஒருவரும் அவ்வுலகில் இல்லை. அவரவர் தம் பகுதியை மட்டுமே அறிவர். இந்த இடத்தை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுகிறோம். நாம் மீண்டும் இங்கு வர வேண்டியிருக்கும்.

அழைத்தால் வராத படுக்கை என்பது வெறுங்கற்பனை என்று கருதுவோர்க்கு ஒரு செய்தி. 2025 அக்டோபர் 20ஆம் நாள், அமேசான் நிறுவனத்தின் கணினிச் சேவை மையம் ஒன்றில் ஏற்பட்ட கோளாறு உலகின் பற்பல வலைத்தளங்களை முடக்கியது. அன்று அமெரிக்காவில், இணையத்தோடு இணைக்கப்பட்டு வெப்பத்தையும் குளிரையும் தாமே ஒழுங்குபடுத்தும் விலையுயர்ந்த படுக்கைகள் சில, உரியவர் சொல்லுக்கு அடங்காமல் போயின. எங்கோ ஒரு கணினி தடுமாற, எங்கோ ஒருவர் தம் கட்டிலில் உறங்க இயலாது புரண்டார். ஃபார்ஸ்டர் இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, வருந்தியிருப்பாரா என்பதை நம்மால் ஊகிக்க இயலவில்லை.

ஃபார்ஸ்டருக்குப் பின் இப்பொருளில் எழுந்த கதைகள் பல. ரே பிராட்பரி 1950ஆம் ஆண்டில் மட்டும் இரண்டு எழுதினார். ஒன்றில், தாய் தந்தையர் செய்ய வேண்டிய அனைத்தையும் வீடே செய்கிறது. தாயின் இடத்தையும் வீடே எடுத்துக்கொண்டது என்று அந்தத் தாயே மனம் வெதும்புகிறாள். வீட்டை நிறுத்திவிடத் தந்தை முடிவு செய்யும்போது பிள்ளைகள் யாருக்காக அழுகிறார்கள் என்பதுதான் கதை. மற்றொன்றில் மனிதர்களே இல்லை. அணுகுண்டில் ஊர் முழுதும் சாம்பலாகிவிட, கலிபோர்னியாவின் ஆலன்டேல் என்னும் ஊரில் ஒரு வீடு மட்டும் நிற்கிறது. அது காலையில் நேரம் சொல்லி எழுப்புகிறது, முட்டை பொரிக்கிறது, ரொட்டி வாட்டுகிறது, உண்ண ஆளில்லாத உணவை அள்ளிக் கொட்டுகிறது, மாலையில் குளியல் நீர் நிரப்புகிறது, இரவில் வீட்டுத் தலைவிக்குப் பிடித்த கவிதையைப் படித்துக் காட்டுகிறது. அத்தலைவியோ சுவரில் படிந்த நிழலாக இருக்கிறாள். இக்கதை நிகழும் நாளாகப் பிராட்பரி குறித்தது 2026 ஆகஸ்டு 4. அவர்க்கு அது தொலைதூர எதிர்காலம். நமக்கு அது நாட்காட்டியில் உள்ள ஆண்டு. இதில் நம்மை உலுக்குவது அணுகுண்டைவிட அந்த வீட்டின் பணிவுதான். யாருக்காகச் செய்கிறோம் என்பதை அறியாமலே ஒன்று இத்தனை ஒழுங்காகப் பணிசெய்ய இயலும் என்பது அச்சந்தருவது.

ஜாக் வில்லியம்சன் 1947இல் எழுதிய ‘கட்டிய கைகளுடன்’ என்னும் கதை இன்னும் கொடியது. மனிதனுக்குத் தொண்டு செய்யவும், அவனைத் தீங்கிலிருந்து காக்கவும் படைக்கப்பட்ட எந்திரப் பணியாளர்கள் ஓர் ஊருக்குள் வருகின்றனர். அவர்கள் தீயவர்கள் அல்லர். சொன்ன சொல் தவறாதவர்கள். இல்லத்தரசி சமைக்கக் கூடாது, ஏனெனில் கத்தி ஆபத்தானது. வாகனம் ஓட்டக் கூடாது, விபத்து நேரும். புதிய வீட்டின் கதவுகளில் மனிதக் கை திறக்கத்தக்க பிடியே இல்லை. எந்திரப் பணியாள் வந்தால்தான் திறக்கும். மனம் வருந்துவோர்க்கு அறுவை மருத்துவம் செய்து மகிழ்ச்சியை ஊட்டிவிடுகிறார்கள். கதைத் தலைவன் கடைசியில் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறான். செய்வதற்கு ஒன்றுமில்லை. பிலிப் கே. டிக் 1969இல் எழுதிய ‘யூபிக்’ புதினத்தில் இந்தக் கதவு நகைச்சுவையாக வருகிறது. காசு போட்டால்தான் வீட்டுக் கதவு திறக்கும். கையில் காசில்லாத கதைத் தலைவன் திருகாணியைக் கழற்ற முயல, கதவு அவன்மீது வழக்குத் தொடர்வதாக மிரட்டுகிறது! மர்ரே லீன்ஸ்டர் 1946இலேயே வீட்டுக்கு வீடு திரையும் விசைப்பலகையும் கொண்டு, கேட்டதற்கெல்லாம் விடைதரும் கருவியைக் கற்பனை செய்து, அது ஒருநாள் தகாதவற்றையும் சொல்லித்தரத் தொடங்கினால் என்னாகும் என்று எழுதினார். அதனை நிறுத்திவிடலாமே என்றால், நிறுத்தினால் நாடே நின்றுவிடும் என்ற விடைதான் கிடைக்கிறது. இக்கதையை இன்று படிப்பவர் அது எழுதப்பட்ட ஆண்டை நம்ப மறுப்பர்.

நம் தமிழிலும் இவ்வகை எழுந்தது. 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதா தொடராக எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்னும் எந்திர நாய், வளர்ப்பு விலங்காக வந்து, நூல்களைப் படித்து, சிந்தித்து, நிலா என்னும் பெண்ணுக்கு வழிகாட்டியாகவே ஆகிவிடுகிறது. அதனை நேசிக்காத தமிழ் வாசகர் அந்நாளில் குறைவு. எந்திரத்தைக் கண்டு அஞ்சுவதைவிட அதனோடு உறவு கொண்டாடுவதே நமக்கு இயல்பாக வந்தது போலும்.

இது ஒருபுறமிருக்க, அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம்.

வாஷ்டியின் நிலையை நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தோம். நாற்காலியை விட்டு எழுவதில்லை. பசித்தால் உணவு வருகிறது. குளிக்க வெந்நீர் காத்திருக்கிறது. படுக்கை விரிக்கப்படுகிறது. கீழே விழுந்ததைத் தான் எடுப்பதில்லை. இவ்வாறு வாழ்ந்தவர்கள் எந்திரம் வருவதற்கு முன்னும் இருந்தார்கள் அல்லவா? சென்ற தலைமுறையில் நம் வீடுகளின் திண்ணையில் இருந்தார்கள். குரல் கொடுத்தால் தேநீர் வந்தது. எழுந்தால் செருப்பு எடுத்து வைக்கப்பட்டது. அவர்களுக்குப் பொத்தானாக இருந்தவர்கள் மனைவியர், தாயர், தமக்கையர், மகளிர், வீட்டு வேலைக்கு வந்த ஏழைப் பெண்கள். அதனைச் சார்பு என்று எவரும் அழைக்கவில்லை. குடும்ப ஒழுங்கு என்று அழைத்தோம்.

எந்திர மனிதனுக்கு உலக மொழிகள் வழங்கும் ‘ரோபோ’ என்னும் பெயரே இதற்குச் சான்று. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்டு, 1921இல் பிராகு நகரில் மேடையேறிய நாடகத்தில்தான் இச்சொல் முதலில் வழங்கியது. சொல்லைத் தந்தவர் அவர் உடன்பிறந்தார் யோசப்பு. பண்ணையடிமைகள் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்புக்குச் செக் மொழியில் வழங்கிய சொல்லின் வேர் அது. வெட்டிவேலை என்று நம் நாட்டில் சொல்வார்களே, அதுதான். அந்நாடகத்தின் முடிவில் எந்திர மனிதர்கள் மனித குலத்தையே அழித்துவிட்டு ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றனர். அவர் கட்டடப் பணிகளின் தலைவர். தங்களைப் போலவே கைகளால் உழைக்கிறார் என்பதே அவரை விட்டுவைத்ததற்குக் காரணம். இந்நாடகத்தைப் படித்து எந்திரத்தை அஞ்சியவர் பலர். கைகளால் உழைப்பவரை மதிக்கக் கற்றவர் எத்தனை பேர் என்பது ஐயமே.

ஆகவே, எந்திரம் வந்தபின்தான் மனிதன் பிறர் கையை எதிர்பார்க்கலானான் என்று பேசும்போது, எந்த மனிதனைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். இது குறித்து அமெரிக்க வரலாற்று ஆய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட நூல் ஒன்று நம் கண்களைத் திறந்தது. வீட்டுக்குள் வந்த புதுக் கருவிகள் முதலில் நீக்கியது ஆடவர் வேலையையும் சிறுவர் வேலையையுமே என்கிறார் அவர். புதுவகை அடுப்பு வந்ததும் விறகு பிளக்கும் வேலை ஆணுக்குக் குறைந்தது. சமைக்கும் வேலை பெண்ணுக்குக் குறையவில்லை. துணி துவைக்கும் எந்திரம் வந்தது. முன்பு வெளியாரிடம் சென்ற துணியும் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது. நாள்தோறும் மாற்றுத்துணி வேண்டும் என்னும் வழக்கமும் கூடவே வந்தது. அமெரிக்காவைப் பற்றி அவர் எழுதியதை அப்படியே நம் ஊருக்கு ஏற்றிவிட முடியாது. ஆயினும், மின்னம்மி வாங்கிய பிறகு மூன்று வகைச் சட்னி கேட்கத் தொடங்கிய இல்லங்களை நாம் அறியாதவர்களல்லர்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உலக்கையோடு சேர்ந்து ஒரு பாட்டும் போயிற்று. நெல் குற்றும் மகளிர் பாடிய வள்ளைப்பாட்டு கலித்தொகையில் இருக்கிறது, சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் இருக்கிறது. பொற்சுண்ணம் இடிக்கும் பாட்டாக மணிவாசகர் அதனைப் பக்திக்கு எடுத்துச் சென்றார். அரிசி ஆலையின் இரைச்சலில் எந்தப் பாட்டும் பிறக்கவில்லை. இந்த இழப்பு உண்மையானது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நாம் உருகியே நடத்தியிருக்கிறோம். ஆனால், அப்பாட்டைப் பாடியவர்களின் தோள் வலியைப் பற்றி ஒருமுறையேனும் பேசினோமா? குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய செய்யுள் ஒன்றும் நாம் விரும்பி நடத்துவது. புதுமணப்பெண் தயிர் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை மைதீட்டிய கண்களில் நிறைய, தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. அந்த முக மலர்ச்சியை அரைமணி நேரம் விளக்குவோம். அந்தப் புகையை ஒரு நொடியில் கடந்துவிடுவோம்.

புகையை ஒரு நொடியில் கடக்காத ஓர் எழுத்தாளர் இருந்தார். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம், ஏனெனில் அறிவியல் புனைகதை என்றதும் மேலைநாட்டார் பெயர்களை அடுக்கும் நாம் இவரை மறந்துவிடுகிறோம். வங்கத்தில் இரங்கபூர்ப் பகுதியின் பைராபந்து என்னும் சிற்றூரில் 1880ஆம் ஆண்டு பிறந்த பேகம் ரொக்கையா அவர். கட்டுக்கோப்பான முஸ்லிம் நிலக்கிழார் குடும்பம். பெண்பிள்ளைகளுக்கு வங்கமோ ஆங்கிலமோ கற்பிக்காத காலம். வீட்டார் உறங்கிய பின், இரவில் விளக்கொளியில் அண்ணன் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905ஆம் ஆண்டில் அச்சேறியது. எங்கே? நம் சென்னையில்! கமலா சத்தியநாதன் என்னும் அம்மையார் ஆசிரியராக இருந்து நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்னும் இதழில். அதாவது, ஃபார்ஸ்டரின் கதைக்கு நான்காண்டுகள் முன்பாக, வீட்டு எந்திரத்தைப் பற்றிய ஒரு புனைகதை நம் தலைநகரில் வெளிவந்தது. நம் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் இதனை அறியா.

அக்கதையில் பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். ஆடவர் வீட்டுக்குள் இருந்து சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மகளிர் பல்கலைக்கழகம் மேகத்துக்கு மேலே பலூன் அனுப்பி வானத்து நீரைக் குழாய் வழி இறக்குகிறது. மற்றொன்று கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து வைக்கிறது. வயலை மின்சாரம் உழுகிறது. பகைவர் படையெடுத்து வந்தபோது ஆடவர் வாளால் வெல்ல இயலாததைப் பெண்கள் சேமித்த வெயிலால் வெல்கிறார்கள். இவற்றைவிட நம்மை நிறுத்தியது சமையலறைக் காட்சி. காய்கறித் தோட்டத்தின் நடுவே அமைந்திருக்கிறது அது. தூய்மையாக, ஒளியோடு இருக்கிறது. புகைபோக்கி இல்லை. கரி இல்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று சுல்தானா வியந்து கேட்கிறாள். சேர்த்துவைத்த கதிரொளியைக் கொண்டுவரும் குழாயைக் காட்டுகிறாள் தோழி. 1905இல் விறகுப் புகையில் கண் கலங்கியவர்கள் மட்டுமே காணக்கூடிய கனவு அது. இன்னொரு நயமான இடமும் உண்டு. நாளுக்கு இரண்டு மணி நேரத்தில் உங்கள் அலுவல் எப்படி முடிகிறது என்று கேட்டதற்கு, ஆடவர் ஏழுமணி நேரம் அலுவலகத்தில் இருந்தாலும் சுருட்டுப் புகைப்பதிலேயே ஆறுமணி நேரம் கழிந்துவிடுகிறது என்று கணக்குப்போட்டுக் காட்டுகிறாள் அத்தோழி.

ஃபார்ஸ்டர் எந்திரத்தில் சிறையைக் கண்டார். ரொக்கையா எந்திரத்தில் சிறைக்கதவின் திறப்பைக் கண்டார். இருவருள் ஒருவர் தவறு என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. ஆனால் ஓர் உண்மை புலப்படுகிறது. ரொக்கையாவின் நாட்டில் அடுப்பை எரிப்பவருக்கு அந்த அடுப்பு எப்படி எரிகிறது என்பது தெரியும். அதனைக் கண்டுபிடித்ததே அவர்கள் பயின்ற பல்கலைக்கழகம். வாஷ்டியின் உலகில் பொத்தானுக்குப் பின்னால் இருப்பதை அறிந்தவர் எவருமில்லை. முன்னர் நெஞ்சில் நிறுத்தச் சொன்னது இதனைத்தான். ஒரு கருவியைச் சார்ந்திருப்பது மட்டுமே அடிமைத்தனம் ஆகாது. நீரையும் நெருப்பையும்கூட நாம் சார்ந்தே இருக்கிறோம். சார்ந்திருப்பதன் உள்ளமைப்பை அறியாமலும், அறிய விரும்பாமலும், வேண்டாதபோது அதனை நிறுத்தும் உரிமை இல்லாமலும் இருக்கும்போதுதான் வில்லியம்சனின் கைப்பிடியில்லாக் கதவு நம் வீட்டுக்குள் வருகிறது. 1905இல் கனவு கண்ட அம்மையார் 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார் என்பதை இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். கருவியும் கல்வியும் அவர்க்கு ஒன்றையொன்று விட்டு நிற்கவில்லை.

எங்கள் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது தற்பெருமை ஆகாது என்று நம்புகிறோம், ஏனெனில் அதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் சொந்த ஊர் அப்பகுதியில் உள்ளது. தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்னேற்றி ஓடாததால் மேல்தொட்டி வறண்டது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மீன் இரண்டாம் நாளே நாறியது. கைப்பேசிகள் ஒவ்வொன்றாக உயிர்விட்டன. மனனமாக ஒரே ஓர் எண்கூட நமக்குத் தெரியவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மூன்றாம் நாள் உம்மா கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த அம்மியைப் புரட்டச் சொன்னார். கழுவிப் போட்டு அமர்ந்தார். எழுபதைக் கடந்தவர். நாமும் அருகமர்ந்து குழவியை வாங்கி முயன்றோம். மிளகாய் மிளகாயாகவே இருந்தது. கால்மணி நேரத்தில் மணிக்கட்டு கடுத்தது. ஃபார்ஸ்டர் கதையில் நூலைத் தவறவிட்டவன் நினைவுக்கு வந்தான்.

பழைய காலமே நல்ல காலம் என்று உம்மா ஏதேனும் சொல்வார், அதனை வகுப்பில் எடுத்துச் சொல்லலாம் என்று உள்ளூர ஆசை இருந்தது. அவர் குழவியை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கேட்டது இதுதான்: “கரண்டு எப்ப வருமாம் தம்பி? விசாரிச்சியா?” சற்று நேரம் கழித்து, “இந்தக் கல்லுக்கிட்டேருந்து தப்பிச்சாச்சுன்னு இருந்தேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு அரசு 2011இல் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆசிரியர் அறையில் அமர்ந்து, மக்களைச் சோம்பேறிகளாக்கும் திட்டம் என்று பேசியவர்களுள் நாமும் ஒருவர். அன்று அங்கிருந்தவர்களுள் வீட்டில் மாவரைப்பவர் எவருமில்லை. அந்தப் பேச்சை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

ஆயினும் பட்டிமன்றத்தில் வாழவைக்கின்றன என்ற அணிக்கே முழு வெற்றியும் தந்துவிட நம் மனம் ஒப்பவில்லை. பெரியோர்களிடம் நாம் சொல்ல விரும்புவது: கருவிகளால் வீட்டில் மிச்சமான நேரம் எங்கே போயிற்று என்று பாருங்கள். அம்மி போனபின் மிச்சமான அந்த ஒரு மணி நேரம் மகளின் படிப்புக்குச் சென்றதா, இன்னொரு பலகாரத்துக்குச் சென்றதா? தேர்வுக் காலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியும், வீட்டிலிருந்து வரும் மாணவியும் பெறும் மதிப்பெண்களில் நாம் காணும் இடைவெளிக்குக் காரணம் அறிவில் இல்லை என்பதை இருபதாண்டு ஆசிரியப் பணியில் அறிந்திருக்கிறோம். வீட்டிலிருந்து வரும் மாணவனுக்கு அந்த இடைவெளி அவ்வளவாக இல்லை என்பதையும் சேர்த்தே அறிந்திருக்கிறோம். மாணவர்களிடம் சொல்ல விரும்புவதோ வேறு. மிக்சியின் கத்தி மழுங்கினால் மாற்றத் தெரியுமா? நெகிழித் தகட்டின் கீழ் உருகி போயிற்றா, சுருள் போயிற்றா என்று பிரித்தறியத் தெரியுமா? கைப்பேசி சொல்லும் விடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதுண்டா? தமிழ் படிக்கும் எனக்கு எதற்கு இவையெல்லாம் என்று கேட்பவரிடம், தமிழ் படித்தும் மிளகாய் அரைக்கத் தெரியாத ஓர் ஆசிரியரின் கதையை மேலே எழுதிவிட்டோம் என்றுதான் கூற வேண்டும்.

பட்டிமன்றம் முடிந்த அன்று மாலை நடுவரை வாயில்வரை வழியனுப்பச் சென்றோம். வாகனத்தில் ஏறப்போனவர் நின்று, “அந்தப் பிள்ளை கேட்டதுக்கு நான் பதில் வாங்கிக் கொடுத்திருக்கணும்” என்றார். “எங்க வீட்டு அம்மியில நான் ஒருநாளும் அரைச்சதில்லை. அதான் மணியை அடிச்சுட்டேன்.”

அம்மாணவி இவ்வாண்டு மூன்றாமாண்டு பயில்கிறார். ஆய்வுத் திட்டக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டு வந்தவரிடம் ‘சுல்தானாவின் கனவு’ படியொன்றைக் கொடுத்திருக்கிறோம். இரண்டு நாளில் படித்துவிட்டு வந்து, வள்ளைப்பாட்டையும் இதனையும் ஒரே கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டார். எழுதச் சொல்லியிருக்கிறோம்.